மலையை வெட்டாத மனை

மனை என்னும் தமிழ்ச் சொல் வீட்டையும் குறிக்கும். வீடு நிற்கும் நிலத்தையும் குறிக்கும். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், நிலத்தை விட்டு வீடு இல்லை என்னும் உண்மையை மொழியிலேயே பதித்து வைத்தனர் எனலாம். அகப்பொருள் இலக்கணம் வகுத்த தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டார். மரமும் விலங்கும் உணவும் தொழிலும் முதலியவற்றைக் கருப்பொருள் என அதன்பின் வைத்தார். மக்களின் ஒழுக்கமாகிய உரிப்பொருளை இவற்றோடு பொருத்தினார். அவ்வரிசை செய்யுள் இயற்றுவோர்க்கு மட்டுமன்றி மனை வகுப்போர்க்கும் ஏற்ற வரிசையே. நிலமும் பொழுதும் முதலில். சுவரும் கூரையும் பின்னர்.

கண்டி மாநகரிலும் அதன் சூழலிலும் இவ்வரிசை இன்று தலைகீழாகி வருகின்றது. சமநிலத்துக்கென வரையப்பட்ட வீட்டுப்படம் முதலில் வருகின்றது. அப்படத்துக்கு இடங்கொடுக்கும் பொருட்டு மலை பின்னர் வெட்டப்படுகின்றது. நம் கல்லூரியின் பழைய மாணவருள் உத்தியோகம், ஆசிரியத் தொழில், வணிகம் முதலியவற்றின் நிமித்தம் மலைநாட்டில் குடியேறியோரும் உளர். மலைநாட்டிலேயே பிறந்து வளர்ந்தோரும் உளர். அவர்தம் மக்கள் இனி வீடு கட்டப் போகின்றவர்கள். ஆதலின், எளியதோர் இல்லம் தன்னைச் சூழ்ந்த இயற்கையோடு இணைந்து நிற்பது எவ்வாறு என்பதை இம்மலரில் ஆராய்வது பொருத்தமாகும் என எண்ணுகின்றோம்.

எளிமை என்பது யாது?

சென்ற நூற்றாண்டில் மேனாட்டுக் கட்டடக் கலைஞர் சிலர், வீட்டில் வேண்டாதன யாவற்றையும் நீக்கி வேண்டுவனவற்றை மட்டும் நிறுத்தும் ஒரு முறையைப் போற்றினர். மினிமலிசம் என அதற்குப் பெயரிட்டு இன்று உலகெங்கும் பேசுகின்றனர். நாம் அதனைச் சுருக்கநெறி எனலாம். வெள்ளைச் சுவர், வெறுந்தரை, ஒரு சாய்கதிரை, பெரியதொரு சாளரம் என்று அதன் புறத்தோற்றத்தை மட்டும் கண்டு மயங்குவோர் பலர். பொருளைக் குறைப்பதன் நோக்கம் யாது என்று வினவுவோர் சிலரே.

நெடிய திண்ணை உள்ள வீட்டுக்கு வரவேற்பு அறையென்று தனியே ஒன்று வேண்டுவதில்லை. காற்றோட்டம் உள்ள அறைக்குப் பகலெல்லாம் சுழலும் மின்விசிறி வேண்டுவதில்லை. முற்றத்திலே ஒரு மாதுளையும் துளசியும் நிற்குமாயின் சுவரிலே இயற்கைக் காட்சிப் படம் மாட்ட வேண்டுவதில்லை. எனவே, புறத்தே உள்ள இயற்கை ஒரு தொழிலைத் தானே செய்யுமிடத்து, அத்தொழிலுக்கென நாம் காசு கொடுத்து அமைக்கும் பொருள் மிகையாகின்றது. அம்மிகையை நீக்குதலே எளிமை. இயற்கைக்கு வாயிலை அடைத்துவிட்டுப் பொருளை மட்டும் குறைத்தால் எஞ்சுவது வெறுமையே.

இனி, கண்டியைப் பொறுத்தவரை இவ்வெளிமைக்கு ஒரு தனி இலக்கணம் உண்டு. இங்கே இயற்கை என்பது முதலாவதாக மலைச்சரிவு. அச்சரிவை அழித்துவிட்டு, பின்னர் பூந்தொட்டிகளாலும் புற்றரையாலும் இயற்கையோடு உறவு கொண்டாட முயல்வது வேரை வெட்டிய மரத்துக்கு நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். மலையை மலையாக விட்டு வீட்டை அதற்கு ஏற்ப வளைத்தலே இந்நிலத்தின் முதல் எளிமை என்பது எமது துணிபு.

நிலமும் மழையும்

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. மகாவலி கங்கை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் வளைந்து நகரைச் சூழ்ந்து செல்கின்றது. தெற்கே ஹந்தானை மலைத்தொடர் நிற்கின்றது. தலதா மாளிகைக்குப் பின்னே உடவத்தகலைக் காடு எழுகின்றது. நடுவே உள்ள ஏரி, கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1807-ஆம் ஆண்டில் வயல்நிலத்தை மறித்து அமைத்தது. ஆகவே நகரின் நடுவிலே சமநிலம் சிறிதளவே உண்டு. மக்கள் பெருகப் பெருக வீடுகள் மலைமேல் ஏறுதல் தவிர்க்க முடியாததாயிற்று.

மழையும் இங்கே ஒரு பருவத்தோடு ஒழிவதன்று. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகீழ்ப் பருவக்காற்றும் மழை தருவன. அவற்றுக்கு இடைப்பட்ட ஒற்றோபர், நவம்பர் மாதங்களிலே மாலைதோறும் இடியுடன் கூடிய மழை பொழியும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீற்றர் மழை பெறும் சரிவு நிலம் இது. இங்கே வீடு கட்டுவோன் மண்ணோடு மட்டுமன்றி, அம்மண்ணினுள்ளே நடந்து செல்லும் நீரோடும் உடன்படிக்கை செய்தல் வேண்டும்.

பழையோர் கண்ட வழி

சுவரில்லாமலே ஒரு மண்டபம் சிறப்புறும் என்பதற்குக் கண்டியிலே கண்கூடான சான்று உண்டு. தலதா மாளிகையை அடுத்துள்ள மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபம் 1783-ஆம் ஆண்டில் இராசாதி இராசசிங்கன் காலத்தில் தொடங்கப்பெற்றது. சித்திர வேலைப்பாடு அமைந்த மரத்தூண்களும் தாழ்ந்திறங்கும் ஓட்டுக்கூரையுமே அதன் உறுப்புகள். 1815-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் கண்டிய ஒப்பந்தம் படிக்கப்பெற்றது இவ்விடத்திலேயே. ஓர் அரசின் அவைக்கே சுவர் வேண்டியதில்லை. வெயிலையும் மழையையும் தடுக்க ஒரு நல்ல கூரை போதுமாயிற்று.

கண்டிய மக்களின் பழைய வீடுகளிலும் வீட்டு முன்னுள்ள உயர்ந்த திண்ணையும் நடுமுற்றமும் முதன்மை பெற்றன. சிங்கள மொழியில் திண்ணையைப் பில என்றும் முற்றத்தை மிதுல என்றும் வழங்குவர். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்த நமக்கு இவை அயலானவை அல்ல. நாற்சார் வீட்டிலே நான்கு புறமும் தாழ்வாரம் இறங்க, நடுவிலே வானம் தெரியும். மழை முற்றத்திலே விழும். பிள்ளைகள் படிப்பதும் பெரியோர் இளைப்பாறுவதும் நெல் உலர்த்துவதும் அம்முற்றத்தைச் சூழ்ந்தே நடைபெறும். பெயர் வேறாயினும் கருத்து ஒன்றே.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. யாழ்ப்பாணம் தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். அங்கே நாற்சார் வீடு நான்கு புறமும் ஒரே மட்டத்தில் அமைதல் இயல்பு. அவ்வீட்டை அவ்வாறே பெயர்த்து ஹந்தானைச் சரிவிலே வைக்க விரும்பினால் மலையைத் தட்டையாக்கியே தீர வேண்டும். முன்னோரைப் பின்பற்றுதல் என்பது அவர்தம் வீட்டுப்படத்தைப் பின்பற்றுதல் ஆகாது. அவர் தம் நிலத்தை நோக்கி நடந்துகொண்ட முறையைப் பின்பற்றுதலே ஆகும்.

மினெற் டி சில்வா காட்டிய இல்லம்

பழைய திண்ணையையும் முற்றத்தையும் புதிய காலத்துக் கட்டடக் கலையோடு இணைத்து, அவற்றைக் கண்டி மலைச்சரிவிலே நிறுத்திக் காட்டியவர் ஒரு பெண்மணி. அவர் மினெற் டி சில்வா. 1918-ஆம் ஆண்டில் கண்டியிலே பிறந்தவர். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா கண்டியின் பெயர்பெற்ற அரசியலாளர். தாயார் அக்னஸ், பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தற்கு உழைத்தவர். பம்பாயிலும் பின்னர் இலண்டனிலும் கட்டடக் கலை பயின்ற மினெற் அம்மையார், 1948-ஆம் ஆண்டில் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரானார். அத்தகுதி பெற்ற முதல் இலங்கைப் பெண் அவரே. பிரான்சிய நாட்டில் வாழ்ந்த பெருங்கலைஞர் லெ கொபூசியே அவருக்கு நெடுங்கால நண்பராயிருந்தார்.

உலகம் புகழும் அறிஞரோடு பழகிய அம்மையார் தாயகம் திரும்பியதும் செய்த முதற்பணி, கண்டியிலே ஒரு குடும்பத்துக்கு வீடு வகுத்ததாகும். கருணாரத்ன இல்லம் என வழங்கும் அவ்வீடு 1951-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. செங்குத்தான சரிவு அதன் நிலம். அந்நிலத்தைச் சமமாக்காமல், வீட்டின் தளங்களையே சரிவோடு ஏறி இறங்குமாறு அவர் அமைத்தார். ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே முழுமாடி உயரம் இல்லை. சில படிகளே உண்டு. சுவர்கள் குறைந்தன, இடங்கள் ஒன்றோடொன்று கலந்தன, புறத்தே உள்ள பள்ளத்தாக்கு வீட்டின் ஒரு பகுதியாயிற்று.

அவ்வீட்டின் அணிகலன்களும் அந்நிலத்திலிருந்தே வந்தன. கண்டிக்கு அண்மையிலுள்ள தும்பறைப் பள்ளத்தாக்கிலே ஹண என்னும் செடியின் நாரைக்கொண்டு பாய் நெய்வோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அவர் நெய்த தும்பறைப் பாய்களைக் கதவுப் பலகைகளின் நடுவே அம்மையார் பொருத்தினார். கண்டியக் கைவினைஞரின் அரக்கு வேலையைப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பங்களிலே பயன்படுத்தினார். சுட்ட மண் ஓடுகளிலே மரபுச் சித்திரங்களைப் பதித்தார். ஓவியர் ஜோர்ஜ் கீற் ஒரு சுவரிலே ஓவியந் தீட்டினார். வேண்டாதவற்றை நீக்கிய வீட்டிலே வேண்டிய அழகுக்கு இடம் இருந்தது என்பதை இது காட்டும். இவ்வகைக் கட்டடக் கலையை நவீன பிரதேசக் கட்டடக் கலை என அவரே பெயரிட்டு வழங்கினார். இதனையொத்த கருத்தை மேனாட்டு அறிஞர் கோட்பாடாக்கிப் பேசத் தொடங்கியது இதற்குப் பல ஆண்டுகள் பின்னரேயாம்.

1950-களின் பிற்பகுதியில் கண்டி வட்டபுலுவையில் அரசாங்க உத்தியோகத்தருக்கான வீட்டுத் திட்டத்தையும் அவரே வகுத்தார். பல இனத்தாரும் பல சமயத்தாரும் சேர்ந்து குடியேறவிருந்த இடம் அது. குடியேறுவோரை முன்னதாகவே அழைத்துப் பேசி, வினாக்கொத்துக் கொடுத்து, அவர்தம் பழக்கவழக்கங்களையும் கைப்பொருளையும் கேட்டறிந்து, அவற்றுக்கேற்பப் பல்வேறு வீட்டு வகைகளை அவர் அமைத்தார். செல்வர் ஒருவரின் இல்லத்துக்கு மட்டுமே உரியதெனக் கருதப்படும் முறை, மாதச் சம்பளக்காரருக்கும் உரியதாகும் என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. 1996-ஆம் ஆண்டில் இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனம் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. 1998-ஆம் ஆண்டில் அவர் கண்டியிலேயே காலமானார். இலங்கைக் கட்டடக் கலை என்றவுடன் ஜெப்ரி பாவாவின் பெயரைச் சொல்லும் நம் மாணவர், அவருக்கு முன்னரே இவ்வழியிலே நடந்த இவ்வம்மையாரையும் அறிதல் வேண்டும்.

படிகளின் கணக்கு

சரிவோடு வீட்டை அமைத்தல் அழகுக்காக மட்டும் என்று கருதுவோர்க்கு எளிய கணக்கொன்றைக் காட்டுவாம். கணித மாணவர் இதனைத் தாமே வரைந்து பார்க்கலாம்.

நான்கு அடிக்கு ஓரடி வீதம் இறங்கும் சரிவு ஒன்றைக் கொள்க. அதிலே முன்பின் 40 அடியும் அகலம் 30 அடியும் உள்ள வீடு கட்டவேண்டும். நிலத்தின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உயர வேறுபாடு 10 அடி. முழுவதையும் வெட்டிச் சமமாக்கினால், வீட்டின் பின்னே 10 அடி உயரமான மண்சுவர் செங்குத்தாக நிற்கும். வெட்டி அகற்றும் மண் 6,000 கன அடி. மேற்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியை நிரப்பினால் வெட்டு 5 அடியாகவும் மண் 1,500 கன அடியாகவும் குறையும். ஆனால் வீட்டின் முற்பாதி புதுமண்ணின்மேல் நிற்கும்.

அவ்வீட்டையே மூன்று தளங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பாதி வெட்டிப் பாதி நிரப்பிச் சரிவோடு வைத்தால் என்னவாகும்? ஒவ்வொரு தளத்திலும் வெட்டு 1 அடி 8 அங்குலமே. மூன்றிலும் வெட்டும் மண் யாவும் சேர்ந்து 500 கன அடி. அடுத்தடுத்த தளங்களுக்கிடையே உயர வேறுபாடு 3 அடி 4 அங்குலம். அதாவது ஆறு அங்குலத்துக்கும் குறைந்த உயரமுள்ள ஏழு படிகள். பதினான்கு படிகளை ஏறி இறங்குவதற்கு உடன்பட்டால், பத்தடி மண்சுவர் வீட்டின் பின்னே நில்லாது. அதைத் தாங்கும் பெருமதிலுக்குச் செலவும் வேண்டாது. படிகளின் எண்ணிக்கை முதியோருக்கு இடரன்றோ எனின், படுக்கையறையையும் சமையலறையையும் குளியலறையையும் ஒரே தளத்தில் வைத்தால் அவ்விடர் பெரிதும் நீங்கும்.

நீருக்கு வழி

மண்வெட்டு ஏன் அஞ்சத்தக்கது? சரிவிலுள்ள மண், கீழேயுள்ள மண்ணின்மேல் சாய்ந்தே நிற்கின்றது. அடியை வெட்டும்போது அதன் ஊன்றுகோலை எடுத்துவிடுகின்றோம். பெருமழையில் மண்ணின் நுண்டுளைகளில் நீர் நிறைகின்றது. மண்ணின் பாரம் கூடுகின்றது. நீரின் அழுத்தத்தால் துகளுக்குத் துகள் உள்ள பிடிப்பு தளர்கின்றது. மரத்தின் வேர்கள் ஓரளவுக்குப் பிணித்து வைத்திருக்கும் மேல்மண்ணையும் மரத்தோடு அகற்றிவிட்டோமாயின் சரிவு வழுக்குவதற்கு இன்னொரு காரணமும் சேர்கின்றது.

கூரையிலிருந்து இறங்கும் நீரின் அளவைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1,000 சதுர அடிக் கூரையின்மேல் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 9,300 லீற்றர் நீர் சேரும். அதன் நிறை ஒன்பது தொன்னுக்கும் மேல். இதனைச் சரிவின் விளிம்பிலே கொட்டவிடுதல் தன் வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் தீங்கு தேடுவதாகும். கூரைநீரைக் கல் பாவிய கால்வாயிலே ஏற்று, படிப்படியாக இறக்கி, இயற்கையான நீரோடையிலே சேர்த்தல் வேண்டும். தாங்கு மதில் கட்டுவோர் அதன் பின்னே சல்லி நிரப்பி, நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விடுதல் வேண்டும். துளையில்லாத மதில் மண்ணைத் தாங்குவதோடு தேங்கிய நீரையும் தாங்க வேண்டியதாகி, ஈற்றில் சாய்ந்துவிடும்.

நீரைத் தடுக்காமல் வழிவிடும் கட்டடத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர், தம்புள்ளைக்கு அண்மையில் ஜெப்ரி பாவா வகுத்து 1994-இல் நிறைவெய்திய கண்டலம ஹோட்டலைக் காணலாம். குன்றைத் தழுவிச் செல்லும் அந்நீண்ட கட்டடம் தூண்களின்மேல் நிற்பதால், மேலிருந்து வரும் மழைநீர் அதன் அடியாக ஓடிக் குளத்தை நோக்கிச் செல்லும். அது பெருஞ்செலவில் எழுந்தது; ஆயினும் அதன் கருத்தை நாலறை வீட்டுக்கும் கைக்கொள்ளலாம்.

இவற்றை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. 2014 ஒற்றோபர் 29-ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மண்சரிவு தோட்டக் குடியிருப்பை மூடியது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் அத்தகைய துயரம் நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் கண்டி மாவட்டமும் அயல் மலை மாவட்டங்களும் எண்ணிறந்த மண்சரிவுகளைக் கண்டன, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். இவற்றுக்கெல்லாம் வீடு வெட்டியோரே காரணர் என்பது எமது கூற்றன்று. பல சரிவுகள் குடியிருப்புகளுக்கு நெடுந்தூரம் மேலே தொடங்கியவை. சரியத்தக்க மலையிலே எத்துணை நுட்பமாக வகுத்த வீடும் காப்பற்றதே. ஆகையால் நிலம் வாங்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இடர்வரைபடத்தை நோக்குதலும் அதன் அனுமதியைப் பெறுதலும் முதற்கடன். அதன்பின் வெட்டைக் குறைத்தலும் நீரை வழிப்படுத்தலும் நம் கையில் உள்ள கடன்.

வெயிலும் காற்றும்

நெடுநல்வாடை கூறும் அரண்மனையைக் கோல் நாட்டி நிழல்கொண்டு திசையறிந்தே வகுத்தனர். நாமும் நிழலையே கணக்கிட வேண்டும். கண்டி வடக்கு அகலக்கோடு 7 பாகையை அடுத்துள்ளது. டிசம்பர் பிற்பகுதியில் நண்பகற் சூரியன் தெற்கே 59 பாகை உயரத்திலும், ஜூன் பிற்பகுதியில் வடக்கே 74 பாகை உயரத்திலும் நிற்கும். எனவே மூன்றடி நீட்டிய இறவாரம், நண்பகலில் தெற்குச் சுவரிலே குறைந்தது ஐந்தடிக்கும் வடக்குச் சுவரிலே குறைந்தது பத்தடிக்கும் நிழல் தரும். ஆதலின் பெரிய திறப்புகளுக்கு வடக்கும் தெற்குமே தக்க திசைகள். கிழக்கிலும் மேற்கிலும் தாழ்ந்து வரும் வெயிலை இறவாரம் தடுக்காது; அங்கே மரத்தையும் களஞ்சிய அறையையும் காவலாக வைக்கலாம். மலைச்சரிவோ சாலையோ இவ்விதிக்கு இடந்தராத நிலத்தில், மேற்குப்புறத் திண்ணையை அகலமாக்கி மூங்கில் தட்டி இடலாம்.

நம் பழைய மாணவருள் பேராதனையிலே பயின்றோர் இதனை உடனே உணர்வர். 1952-இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து அங்கே பெயர்ந்தது. சேர் பற்றிக் அபர்குரொம்பியின் திட்டத்தையும் கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விசின் கைவண்ணத்தையும் கொண்ட அவ்வளாகத்திலே, திறந்த நடைவழிகளும் மரநிழலுமே மாணவருக்குப் பாதி விரிவுரை மண்டபமாயின.

கருணாரத்ன இல்லம் நிறைவெய்திய அதே 1951-இல், அமெரிக்க நாட்டு இலினோய் மாநிலத்திலே மீஸ் வான் டெர் றோ என்னும் கலைஞர் வகுத்த பான்ஸ்வேத் இல்லமும் நிறைவெய்தியது. நான்கு புறமும் கண்ணாடிச் சுவர். நிலத்திலிருந்து ஐந்தடிக்கு மேல் உயர்த்திய தளம். சுருக்கநெறியின் தலைசிறந்த படைப்பாக உலகம் அதனைப் போற்றும். ஆயினும் 1954-இல் அயலேயுள்ள பொக்ஸ் ஆறு பெருகி அவ்வீட்டினுள்ளே புகுந்தது. அக்கண்ணாடிச் சுவரைக் கண்டிக்குக் கொணர்ந்தால் வெயில் உள்ளே சிறைப்படும், குளிரூட்டி வேண்டும், கதவுகள் அடைபடும். இயற்கை கண்ணுக்கு மட்டும் எட்டும். காற்றாகவும் மணமாகவும் மழையொலியாகவும் எட்டாது. அகன்ற திண்ணையோ இவை யாவற்றையும் தரும். அதன் விலையும் குறைவு.

திறந்த வீட்டுக்கு இடையூறுகளும் உண்டு என்பதை மறைத்தல் தகாது. கண்டியிலே குரங்குகள் திறந்த சாளரத்தை அழைப்பாகவே கொள்ளும். கொசு வரும், அட்டையும் வரும். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் கம்பிவலை இட்டு, திண்ணையையும் முற்றத்தையும் திறந்து விடுதல் நடுவான வழி. கூரைப் பீலியில் நீர் தேங்கினால் டெங்குக் கொசு பெருகும். பீலியை நீக்கி, நீர் விழும் இடத்தில் கல் பாவிய கால்வாய் அமைத்தல் அதனினும் நன்று. மரத்தை வீட்டுக்கு அண்மையில் விடுவோர் காய்ந்த கிளைகளைக் காலந்தோறும் கழித்தலும் வேண்டும்.

சிறிய வீடும் அடைபட்ட வீடும்

எளிமையைப் பேசும் மலைநாட்டுத் தமிழன் லயன்களை மறந்து பேசலாகாது. கண்டி மாவட்டத்து லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெயிலர் 1867-இல் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்னைய கோப்பிக் காலந்தொட்டே தொழிலாளர் லயக் காம்பிராக்களிலே வாழ்ந்தனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது அவற்றின் வழக்கமான அளவு. இருபக்க லயன்களிலே ஒரு வீட்டின் பின்சுவரே மற்றொரு வீட்டின் பின்சுவர். ஆதலால் காற்று ஊடுருவிச் செல்ல வழியில்லை. உலகம் வியக்கும் மலைக்காட்சியின் நடுவே, அக்காட்சிக்கும் காற்றுக்கும் முதுகு காட்டுமாறு கட்டப்பட்ட வீடுகள் அவை. பொருட்குறைவும் இடக்குறைவும் எளிமை ஆகா என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேறு இல்லை. பிறர் தம்மேல் சுமத்திய இன்மையை எளிமையெனப் புகழ்வது அறமாகாது.

மீரியபெத்தைத் துயரின் பின்னர் ஏழு பேர்ச்சுக் காணியோடு தனிவீடு அளிக்கும் திட்டம் மலையகத்திலே வந்தது. ஏழு பேர்ச்சு என்பது ஏறத்தாழ 1,905 சதுர அடி. அதிலே 550 சதுர அடி வீடு நிற்குமாயின், நிலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு வானத்துக்குத் திறந்திருக்கும். அந்நிலத்தைச் சீமெந்தால் மூடாமல், ஒரு திண்ணை, ஒரு கறிவேப்பிலை, ஒரு கொய்யா, கீரைப்பாத்தி, கல் பாவிய நீர்வழி என அமைத்தால் சிறிய வீடு பெரிய மனையாகும். எதிரெதிரே இரு சாளரம் வைத்தலுக்குச் செலவு மிகுதியில்லை. இவ்வகை வீடுகளை வரைவோருள் நம் மாணவரும் இருத்தல் வேண்டும். வீட்டுக்குரியோரை அழைத்து முதலில் கேட்ட வட்டபுலுவை முறையை அவர் கைக்கொள்ளுதல் வேண்டும்.

இளம் மாணவருக்கு

கட்டடக் கலை பயில விரும்பும் மாணவருக்கும், என்றோ ஒருநாள் தமக்கென மனை அமைக்கவிருக்கும் ஏனையோருக்கும் ஒரு பயிற்சியைக் கூறி இக்கட்டுரையை முடிக்கின்றோம். நீர் நிரப்பிய தெளிவான குழாயொன்றும் அளவு குறித்த இரு கம்புகளும் போதும். உங்கள் வீட்டு நிலத்தின் ஏற்றத்தாழ்வை அளந்து ஒரு தாளிலே குறியுங்கள். நிற்கும் மரங்களையும் பாறைகளையும் குறியுங்கள். காலை, நண்பகல், மாலை நிழல்களைக் குறியுங்கள். ஒற்றோபர் மழை பெய்யும் ஒரு மாலையில் குடையோடு நின்று, நீர் எங்கே புகுந்து எங்கே தேங்கி எவ்வழியே வெளியேறுகின்றது என்பதைக் கண்டு நீல மையால் வரையுங்கள். வீட்டைப் பற்றி ஒரு கோடுகூட இன்னும் இடவில்லை. ஆயினும் மனையின் பாதிப் படம் அத்தாளிலே வந்துவிட்டது. எஞ்சிய பாதியை, அந்த நீலக்கோட்டை எங்கும் மறிக்காமல் வரைவதற்கு உங்கள் ஆசிரியரும் பெற்றோரும் துணைநிற்பராக.